புது டயர் முன்னாடியா, பின்னாடியா?

ஆக்டிங் டிரைவர் வேலையில் கார் அடுத்தவருடையது, பெட்ரோல் அடுத்தவருடையது, டயரும் அடுத்தவருடையது; ஓட்டுகிற உயிர் மட்டும் நம்முடையது.

ஆமத்தூரில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சிலர் கார் வைத்திருப்பார்கள், ஓட்டத் தெரியாது. சிலருக்குத் தெரியும், மதுரை வரை போகத் தைரியம் இருக்காது. அவர்கள் போன் பண்ணினால் போய் ஓட்டிவிட்டு, அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருவேன். பொம்பளை டிரைவர் என்பதால் ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, பெண்களைக் கூட்டிப் போவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் உண்டு. இதற்கு முன்னால் பதினோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினேன். பயப்படுவதற்கு அங்கேதான் பழகினேன். போகிற வீட்டில் காபி வருவதற்குள் காரை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, நாலு டயரையும் தடவிப் பார்த்துவிடுவேன். பார்த்தால் பயம் குறையும் என்று நினைப்பீர்கள். கூடத்தான் செய்யும். டயர் மாற்றுவதை அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, லாரியை முந்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

வழுவழு

வேலை ஆரம்பித்த புதிது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற முதலாளி ஒருவர், மகனை மதுரை ஏர்போர்ட்டில் இருந்து கூட்டிவரக் கூப்பிட்டிருந்தார். நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா தேடுறீக? எதுவும் விழுந்திருச்சா?” என்றார். “டயரைப் பாக்கேன் சார். பட்டனே இல்லையே” என்றேன். டயரின் மேலே வெட்டியிருக்கிற பள்ளங்களையும் கோடுகளையும்தான் எங்கள் பக்கம் பட்டன் என்போம். மழைத்தண்ணீர் ஒதுங்கிப் போகிற வழி அது. இந்தக் காரில் அப்படி ஒரு வழி இருந்ததற்கான அடையாளமே இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. நல்லவேளை வெயில் காய்ந்தது. ஐம்பதைத் தாண்டாமல் போய், ஐம்பதைத் தாண்டாமல் வந்தேன். ஸ்டியரிங்கில் என் கை வேர்வை காயவே இல்லை. இறக்கிவிட்ட பிறகு, “அடுத்த தடவை டயர் மாத்திட்டுக் கூப்பிடுங்க சார்” என்றேன். அவர் முதல் தடவையாகக் குனிந்தார். தாள் கட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் டயரைத் தடவினார். முகம் மலர்ந்து போயிற்று.

“எம்புட்டு வழுவழுன்னு இருக்கு பாருங்க, ஆர்ட் பேப்பர் தோத்துப் போகும்! இதைப் போய்க் குறை சொல்றீகளே.”

ஓடாத கார்

மல்லாங்கிணற்றில் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும். கண் டாக்டரிடம் போக ஒரு தடவை, குலதெய்வம் கும்பிட ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் அவர்கள் கார் வெளியே வரும். டயரில் பட்டன் கடையில் இருந்து எடுத்த மாதிரி அப்படியே இருந்தது. நானே ஏமாந்திருப்பேன். பக்கவாட்டில் விரல் வைத்தபோதுதான் மழையில்லாத கரிசல் காட்டைப் போல மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது தெரிந்தது. டயரின் பக்கத்தில் நாலு எண் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டும் எந்த வாரம், கடைசி இரண்டும் எந்த வருஷம் செய்தது என்பதற்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த டயருக்கு ஒன்பது வயது.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஓடவே இல்லையே தாயி, எப்படிக் கெடும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ரப்பர் சும்மா இருந்தாலும் காய்ந்துபோகும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன். இதோடு நாலு வழிச்சாலையில் ஏறினால், சூட்டில் எந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளுமோ? அவர் சம்சாரம் வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

“உங்களையும் ரிட்டயர் ஆன நாள்ல இருந்து வீட்டுக்குள்ளயேதான வச்சிருக்கேன், முட்டி விரிசல் விடலையா? நாலையும் மாத்துங்க, போங்க.”

பழைய போர்மேன்

இனி சொல்லப்போவது எல்லாம் ஒரே கார், ஒரே மனுஷர். விஸ்வநத்தம் மாரியப்பன் அண்ணாச்சி. நான் சரம் பின்னிய கம்பெனியில் போர்மேன். பெட்டியைத் தரையில் இழுத்தால் உராயும், உராய்ந்தால் பற்றும் என்பதற்காக, “இழுக்காத, தூக்கு! இழுக்காத, தூக்கு!” என்று நாள் முழுக்கக் கத்துவார். அவர் குரலுக்குப் பயந்தே நாங்கள் உயிரோடு இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய ஒரே மகள் முத்துலட்சுமி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வயிற்றில் இரட்டைப் பிள்ளை. மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், பஸ்ஸில் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. வீட்டம்மாவுக்குக் கார் ஏறினாலே வாந்தி. டிரைவருக்கும் ஆச்சு, பொம்பளைத் துணைக்கும் ஆச்சு என்று என்னைக் கூப்பிட்டார்.

முதல் சனிக்கிழமை போனேன். வழக்கம்போல் குனிந்தேன். முன்னாடி இரண்டும் மொட்டை. பின்னாடி இரண்டும் பாதி உயிர். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்த சமயம், எந்நேரமும் மழை வரலாம். “அண்ணாச்சி, இதோட பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போகக் கூடாது” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ ராஜி, கம்பெனியில ஒரு நாளாச்சும் இம்புட்டு உன்னிப்பா வேலை பாத்திருப்பியா நீ?”

பஸ்ஸில் போகிறவர்

கார் வாங்கியதிலேயே அவர் கை காலியாகியிருந்தது. அதனால் முதலில் என்னைப் பழைய டயர்க் கடைக்குத்தான் கூட்டிப் போனார். கொட்டகைக்குள் மலை மாதிரி டயர்கள். எல்லாம் கறுப்புப் பாலிஷ் போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி மினுங்கின. ஒன்றில் பட்டன் நல்ல ஆழம். ஆனால் பள்ளத்தின் ஓரம் ஒரே சீராக இல்லை. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு கிழித்திருந்தார்கள். உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். பதினோரு வருஷம் திரி பிடித்த விரல், ஒட்டுப் போட்ட இடம் தட்டுப்பட்டது. ஒன்றல்ல, இரண்டு.

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. “அக்கா, சத்தியமாச் சொல்றேன், இது எங்க அப்பா கார்ல கெடந்த டயரு. அவரு இன்னைக்கும் கல்லுக் கணக்கா இருக்காரு” என்றார். அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது, பாக்கெட்டுக்குக் கை போனது. நான் சட்டென்று, “உங்க அப்பா இப்பம் எதுல போறாரு?” என்று கேட்டேன். கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

“இப்பம் பஸ்லதான்.”

வெடிக்காதது

விருதுநகரில் எனக்குத் தெரிந்த டயர்க் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பெயர் கணேசன். அவர் இரண்டு வழி சொன்னார். நாலும் புதிதாக வேண்டுமென்றால் யாரும் பெயர் கேள்விப்படாத கம்பெனி டயர். நல்ல கம்பெனி வேண்டுமென்றால் இந்தத் தொகைக்கு இரண்டுதான். சொல்லி முடித்ததும் அவரும் அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார்கள். நாலும் புதுசு என்று ஆசைப்பட்டு நாலும் சரியில்லாமல் போனால்? இரண்டை மட்டும் மாற்றி, மாற்றாத இரண்டில் ஒன்று காலை வாரினால்? சொல்லப்போகிறவள் நான், ஓட்டப்போகிறவளும் நான், பின்சீட்டில் இரட்டைப் பிள்ளையோடு ஒருத்தி.

“ரெண்டு நல்லதா எடுங்க அண்ணாச்சி. மொட்டையத் தூக்கிப் போட்டுருவோம். மத்த ரெண்டையும் ரெண்டு மாசத்துக்குள்ள மாத்திருவோம்” என்றேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கணேசன் இரண்டு புது டயரை உருட்டிக்கொண்டு வந்து, வாரமும் வருஷமும் காட்டினார். மூன்று மாசம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார், காதை வைத்துத் தட்டியும் பார்த்தார். பிறகு கணேசனை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, முப்பது வருசமா வெடிக்கிறதத்தான் செஞ்சிருக்கேன். வெடிக்காதத எப்படிப் பாத்து வாங்கணும்னு எனக்குத் தெரியல.”

பின்சீட்டு நியாயம்

மாட்டும்போது சண்டை வந்தது. புதுசு இரண்டையும் பின்னாடி போட்டு, பின்னாடி கிடந்த பாதி உயிரை முன்னாடி கொண்டுவர வேண்டும் என்று கணேசன் சொன்னார். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஈர ரோட்டில் பின்பக்கம் பிடி விட்டுப்போனால் கார் பம்பரம் சுற்றிவிடும். அண்ணாச்சி காருக்கு முன்னால் நின்று மறித்துக்கொண்டார். “இஞ்சின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, நானும் முன்னாடி. புதுசு மட்டும் பின்னாடியா? யாரை ஏமாத்துறீக?” அரை மணி நேரம். ஜாக்கியில் தூக்கிய கார் அந்தரத்தில் நிற்கிறது. நான் சொன்னது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. எங்களோடு கடைக்கு வந்து, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், வயிற்றின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்த முத்து அலுத்துப்போய்ச் சொன்னாள்.

“பின்னாடி உக்காருறது நான்தானப்பா? அப்பம் நல்லதப் பின்னாடியே போடட்டும்.”

கள்ளிக்குடி மழை

அடுத்த பயணத்திலேயே மழை பிடித்தது. விருதுநகர் வரை தூறல். நாலு வழிச்சாலையில் ஏறிக் கள்ளிக்குடி தாண்டியதும் ஊற்றியது. அறுபதுக்குக் கீழேதான் போனேன். ரோடு தாழ்ந்த ஒரு இடத்தில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி நின்றதை நான் பார்த்தபோது, அதன் மேல் ஏறிவிட்டிருந்தேன். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிப் போனது. கையில் இருப்பது வெறும் வளையம், அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி. இடது பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி, ஒரு கை தூரம். பிரேக்கை மிதி, மிதி என்று கால் துடித்தது. மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, எங்கள் ஊர் காளியம்மாளை மட்டும் கூப்பிட்டேன். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். டக்கென்று ரோடு கைக்குத் திரும்ப வந்தது.

கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் முகத்தை அப்படி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், கம்பெனியில் பக்கத்து ஷெட்டில் புகை வந்த அன்றைக்கு. அன்றைக்கு வெளியே நின்று எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். இப்போது மெதுவாகப் பின்பக்கம் திரும்பினார். முத்து அப்போதுதான் கண் விழித்துக் கொட்டாவி விட்டாள்.

“டீ குடிக்கவாக்கா நிப்பாட்டுனீக? எனக்கு ஒரு பன்னு சொல்லுங்க.”

கைக்குத் தெரிகிறது

திரும்பி வந்து விஸ்வநத்தத்தில் காரை நிறுத்திச் சாவியைக் கொடுத்தபோது அண்ணாச்சி, “புதுச முன்னாடி போட்டிருந்தா வழுக்கியிருக்காதுல்ல?” என்றார். கோபம் இல்லை, கேள்விதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான்தானே பின்னாடி போடச் சொன்னேன்? முன்னாடி போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைப் புது டயர் கிழித்துக்கொண்டு போயிருக்குமோ? சோற்றில் கை வைத்தாலும் அதே நினைப்பு.

மறுநாள் கடை திறக்கும் முன்பே கணேசன் கடை வாசலில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் டயர் விற்கிறவர், தன் பேச்சைத் தானே குறை சொல்லமாட்டார் என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. “போட்டிருந்தா முன்னாடி வழுக்காமப் போயிருக்கலாம். இல்லைங்கல” என்று உடனே ஒத்துக்கொண்டார். எனக்கு உயிரே போனது. ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆனா முன்னாடி வழுக்குனா கைக்குத் தெரியும்க்கா, காலை எடுத்துருவீக. பின்னாடி வழுக்குனா, காரு திரும்பி வந்த வழியப் பாத்து நிக்கையிலதான் தெரியும்.”

போகாத சனிக்கிழமை

முன்னாடி இரண்டையும் மாற்றாமல் இனி மழையில் வரமாட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். மாசக் கடைசியில் பார்ப்போம் என்றார். அடுத்த முறை வெள்ளிக்கிழமையே வானம் இருட்டிக்கொண்டது. போன் பண்ணி, “நான் வரல அண்ணாச்சி” என்றேன். “ஊர்ல நீ ஒருத்திதான் டிரைவரா?” என்று போனை வைத்துவிட்டார். வேறு ஆள் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை கிளம்பிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு நாளைப் போல ஒரு நாள் எனக்கு வேண்டாம். காலையில் இருந்து தகரக் கூரையில் மழை. அரிசி களைந்தேன், இரண்டாம் தடவையும் களைந்தேன். வராமல் இருந்து நல்லது செய்தேனா, வெறுமனே தப்பித்துக்கொண்டேனா? ஏதாவது நடந்தால், அந்தத் தண்ணீர் நிற்கிற இடம் எனக்குத் தெரியும், போகிறவனுக்குத் தெரியாதே? போன் அடித்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். ஒரு தடவை வங்கி லோன் வேண்டுமா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், “நீ ஓட்டிட்டே போயிருக்கலாம், இதுக்கு அது தேவலை” என்றார். மூன்று மணிக்கு முத்து கூப்பிட்டாள். பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று. அழுதுவிட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அந்தாளு டயரையே பாக்கலக்கா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு நான்தான் குனிஞ்சு பாத்தேன்.”

நாள் பார்த்தவர்

பார்த்தவள் சும்மா இருக்கவில்லை. முன்னாடி புது டயர் வராமல் காரில் ஏறமாட்டேன் என்று வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி என்னைக் கூப்பிடவில்லை, முத்துதான் கூப்பிட்டாள். மூன்று பேரும் மறுபடி கணேசன் கடைக்குப் போனோம். கொஞ்சம் விலை குறைவாக இருக்கிறதே என்று அண்ணாச்சி ஓரத்தில் கிடந்த ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டார். முத்து நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமலே, “நம்பரைப் படிங்கப்பா” என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடையிலேயே நாலு வருஷம் கிடந்த சரக்கு. கணேசன் அசடு வழிந்தார். பக்கத்திலேயே அதே கம்பெனியில் புதுச்சரக்கு இருந்தது, எடுத்தார்கள். அண்ணாச்சி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், பொட்டப்பிள்ளைக்கு டயரில் என்ன தெரியும் என்று. முத்து விடவில்லை.

“எனக்குச் சீமந்தத்துக்கு நாள் பாக்க மூணு ஜோசியர்ட்டப் போனீகள்ல, டயருக்கு ஒரு தடவை குனிஞ்சு பாத்தா என்ன?”

முப்பது

டாக்டரம்மா சொன்ன நாளைக்கு மூன்று வாரம் முன்னாலேயே, ஒரு பகல் பதினோரு மணிக்கு முத்துவுக்கு வலி கண்டது. மழை இல்லை. அப்படியும் மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் நான் ரோட்டில் தண்ணீரைத்தான் தேடினேன். அண்ணாச்சி முன்சீட்டில் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, “இழுக்காத, இழுக்காத” என்று என்னிடமா மகளிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஆணும் பெண்ணும் பிறந்தன. பெண்ணை மட்டும் எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த எட்டு நாளும் யார் போன் பண்ணினாலும் எனக்குப் பழைய கதைதான். பிறகு அதுவும் தேறிவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு நல்ல வெயில். நாலு டயரும் புதுசு. காற்றை நானே அளந்து பார்த்திருந்தேன். ஸ்டெப்னி உட்பட எல்லாம் சரி. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக டயரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஐம்பதில் போனேன், அண்ணாச்சி முறைத்தார். நாற்பதுக்கு வந்தேன். அப்போதும் முறைத்தார். திருமங்கலம் தாண்டும்போது டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. பின்சீட்டில் இரண்டும் தூங்கின, அவற்றோடு முத்துவும் தூங்கினாள். அண்ணாச்சி என் காதருகே குனிந்தார்.

“முப்பதுக்கு மேல போகாத புள்ள. டயர் தேஞ்சிறப் போகுது.”

ஆக, இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கார் வாங்கும்போது எல்லோரும் கலரைப் பார்க்கிறார்கள், டயர் வாங்கும்போது விலையைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்ப்பது கடைசியில் டிரைவரும் ஆண்டவனும் மட்டும்தான், அதிலும் ஆண்டவனுக்குக் குனிய வேண்டிய கஷ்டம் கிடையாது.